விஜிலா எழுதித் தந்த சீட்டு

மார்ச் 3, திங்கள்

தொண்ணூற்றெட்டு. மருந்துக்கடை வாசலில் நிற்கும் எடை எந்திரத்தில் காசு போட்டு ஏறினேன். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினேன். அதே தொண்ணூற்றெட்டு.

எண்பத்தாறுக்கு மேல் இருந்தால் டாக்டர் கையெழுத்துப் போடமாட்டார் என்று சென்னை ஏஜென்சியில் சொல்லிவிட்டார்கள். கையெழுத்து இல்லையென்றால் கப்பல் இல்லை. மெடிக்கல் ஏப்ரல் 24-ஆம் தேதி. பதினெட்டு வருஷமாகக் கப்பல் குசினியில் நின்று இருபத்திரண்டு பேருக்கு ஆக்கிப் போட்டவன் நான். ஆக்கியதில் கொஞ்சம் தின்றதற்குக் கரையில் நிறுத்தப் பார்க்கிறார்கள்.

சாயங்காலம் தேவபிரசாதம் வந்தான். என் தங்கை விஜிலாவின் வீட்டுக்காரன். அவனும் கப்பல்காரன்தான், போசன், டெக் ஆட்களின் மேஸ்திரி. போன வருஷம் நூற்றாறு கிலோ. இப்போது கன்னம் ஒட்டி, கல்யாண போட்டோவில் இருக்கிற பையன் மாதிரி இருக்கிறான். எப்படி என்று கேட்டேன். "ஒண்ணுமில்ல மச்சான், வெறும் தண்ணியா குடிச்சேன். சாறு, மோர், ரசத்தெளிவு. பல்லுக்கு வேலையே கொடுக்கல" என்றான்.

மார்ச் 5, சாம்பல் புதன்

விஜிலா சீட்டு எழுதித் தந்தாள். ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஆறு வேளை, வேளைக்கு நூறு மில்லி. பூசணிச் சாறு, இளநீர், மோர், பருப்புத் தண்ணீர், ரசத்தெளிவு. கடைசி வரியில்: 'ஸ்ட்ரா வைத்து உறிஞ்சக் கூடாது. மிடறு மிடறாக.' அது எதற்கு என்று கேட்டேன். "அப்படித்தான் அண்ணே" என்றாள்.

நெற்றியில் சாம்பல் பூசிக்கொண்டு வரும்போதே நேர்ந்துகொண்டேன். ஈஸ்டர் வரை ஒரு பருக்கை வாயில் வைப்பதில்லை, மாதாவே. வெறும் டயட் என்றால் மூன்றாம் நாளே மீன் வாசம் என்னை ஜெயித்துவிடும். நேர்ச்சை என்றால் பயம் இருக்கும்.

என் மனைவி ஜெனிஸுக்குப் பிடிக்கவில்லை. "தவக்காலத்துல எல்லாரும் இறைச்சிய விடுவாவ. மாதா ஒங்க இடுப்பளவையா கேட்டா?" என்றாள்.

மார்ச் 12

தொண்ணூற்றுமூன்று! ஒரே வாரத்தில் ஐந்து. பெல்ட்டில் புது ஓட்டை போட்டேன். விஜிலா தினமும் காலையில் ஸ்கூட்டியில் வந்து சாறு பாட்டிலைத் தந்துவிட்டுப் போகிறாள். கூடப்பிறந்தவள் என்றால் இவள்.

மார்ச் 16, ஞாயிறு

விஜிலா வீட்டில் நெய்மீன் குழம்பு. நான் மோரோடு உட்கார்ந்திருந்தேன். பிரசாதம் நாலு கரண்டி சோறு தின்றுவிட்டுத் தட்டை நகர்த்தினான். நெய்மீனைப் போய்! என்ன கட்டுப்பாடு. எனக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

மார்ச் 25

தலை சீவினால் சீப்பு நிறைய முடி. தூத்துக்குடி வெயிலில் எனக்குக் குளிருகிறது. ஜெனிஸ் தண்ணீர் மோட்டாரை அணைக்க மறந்ததற்கு வீடே அதிரக் கத்தினேன். பிறகு அழுகை வந்தது. எதற்கு?

அவளுக்குக் குழம்பு வைத்தேன். உப்புக்கரித்துப் போனது. எடை தொண்ணூறு. நாலு நாளாக அதிலேயே நிற்கிறது.

ஏப்ரல் 2

படியேறும்போது நெஞ்சு படபடவென்று அடித்தது, நடுவில் ஒரு துடிப்பை விட்டுவிட்டு அடித்தது. ஜெனிஸ் பங்குச் சாமியாரிடமே சொல்லிவிட்டாள். அவர் என்னைக் கூப்பிட்டு, "ஒடம்பக் கெடுக்கிற நேர்ச்சைய ஆண்டவர் கேக்கல ஹென்றி. நான் விடுவிக்கேன், போய்க் கஞ்சி குடி" என்றார்.

வீட்டுக்கு வந்து கஞ்சியைக்கூட அடுப்பில் வைத்துவிட்டேன். அதற்குள் பிரசாதத்துக்குப் போன் போட்டேன், ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளலாமே என்று.

"எனக்கும் அப்படித்தான் இருந்துச்சி மச்சான். அதத் தாண்டிட்டா ஒண்ணுமில்ல. இன்னும் மூணு வாரந்தான, விட்டுராதிய" என்றான்.

கஞ்சியை ஜெனிஸ் குடித்தாள்.

ஏப்ரல் 13, குருத்து ஞாயிறு

எண்பத்தேழரை. பவனியில் குருத்தோலையைப் பிடிக்கத் தெம்பில்லை, ஜெனிஸிடம் கொடுத்தேன்.

ஏப்ரல் 19, சனி. ஆஸ்பத்திரி

நேற்று சிலுவைப் பாதையில் விழுந்தேன். ஆண்டவர் விழுந்தது மூன்றாம், ஏழாம், ஒன்பதாம் தலங்களில். நான் பத்தாம் தலத்தில், விஜிலாவின் காலடியில் போய் விழுந்தேன். ரத்தத்தில் பொட்டாசியம் தரைமட்டமாம். கொஞ்சம் தாமதித்திருந்தால் இதயம் நின்றிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். 24-ஆம் தேதி மெடிக்கல் அவ்வளவுதான்.

"கொறஞ்சதுல பாதி தண்ணி, அப்புறம் உங்க சதை. திரும்பச் சாப்பிட ஆரம்பிச்சா தண்ணி வந்துரும், சதை வராது" என்றார். என்ன குடித்தேன் என்று கேட்டார். ஜெனிஸ் ஃப்ரிட்ஜில் இருந்த சீட்டைக் கிழித்துக் கொண்டுவந்திருந்தாள், நீட்டினாள்.

டாக்டரம்மா கடைசி வரியில் விரலை வைத்தார். "ஸ்ட்ரா வேண்டாம்னு இருக்கே. இது எடை குறைய வயித்தை வெட்டி ஆபரேஷன் பண்ணினவங்களுக்குக் கொடுக்கிற சீட்டு. ஒரு வாழைப்பழ அளவு வயித்துக்கு. அவங்களே ரெண்டு வாரந்தான் இப்படிக் குடிப்பாங்க, அதுவும் மருந்தோட. உங்களுக்கு யார் கொடுத்தா?"

நான் விஜிலாவைப் பார்த்தேன். கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அவுக யார்ட்டயும் சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாவ அண்ணே" என்றாள்.

பிரசாதம் போன அக்டோபரில் கொச்சிக்கு கோர்ஸ் படிக்கப் போகிறேன் என்று போனானே, அது கோர்ஸ் இல்லை. ஆபரேஷன். தண்ணியாகக் குடித்தேன் என்று அவன் சொன்னது பொய்யில்லை. வயிற்றை வெட்டிவிட்டுக் குடித்தான். அதைத்தான் சொல்லவில்லை.

சரி, அவன் வெளியிலிருந்து வந்தவன். நீ? நாப்பது நாளா வாசல்ல வந்து பாட்டில நீட்டுனியேட்டி. என் தலமுடி கொட்டுறதப் பாத்தியே. ஒரு நா, ஒரே ஒரு நா வாயத் தெறந்திருக்கக் கூடாதா? செத்திருந்தா என்னடி சொல்லியிருப்ப என் சவப்பெட்டி பக்கத்துல நின்னு?

ஏப்ரல் 20, ஈஸ்டர்

ஜெனிஸ் குழையக் குழையக் கஞ்சி கொண்டுவந்தாள். ஆறு கரண்டி.

ஏப்ரல் 27

பிரசாதம் வந்தான். நாற்காலி நுனியில் உட்கார்ந்தான். "கம்பெனிக்குத் தெரிஞ்சா என்னைக் கப்பல்ல ஏத்த மாட்டான் மச்சான். ஒருத்தர்ட்ட சொன்னா ஊருக்கே போயிரும்" என்றான்.

அது எனக்குப் புரியாமல் இல்லை. ரகசியத்தை அவனே வைத்துக்கொண்டிருந்திருக்கலாம். 'எனக்கு வேற வழியில கொறஞ்சது, நீங்க டாக்டரப் பாருங்க' என்று சொன்னால் எந்த ரகசியம் போயிருக்கும்?

ஒன்றே ஒன்றுதான் கேட்டேன். "ரெண்டாந்தேதி போன்ல, எனக்கும் அப்படித்தான் இருந்துச்சின்னு சொன்னியே மாப்ள. இருந்துச்சா?"

எழுந்து செருப்பை மாட்டிக்கொண்டு போனான்.

மே 18

தொண்ணூற்றுநாலு. டாக்டரம்மா சொன்னபடியே தண்ணீர் திரும்பிவிட்டது. பிரசாதம் கப்பல் ஏறிவிட்டான். வழியனுப்ப நான் போகவில்லை.

மூன்று வேளையும் சாப்பிடுகிறேன். சோறு பாதி, காய் பாதி, ஒரு கை அளவு மீன். காலையில் துறைமுகக் கடற்கரை வரை நடை. மாசத்துக்கு ரெண்டு கிலோ குறைந்தால் போதுமாம். ஆமை வேகம். ஆனால் குழம்பில் உப்பு சரியாக இருக்கிறது.

ஆகஸ்ட் 5, மாதா திருநாள்

கூட்டத்தில் விஜிலா எதிரே வந்தாள். ஜெனிஸிடம் பேசினாள். நான் கொடிமரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். எண்பத்தெட்டரை.

செப்டம்பர் 11, வியாழன்

எண்பத்தைந்தரை. ஃபிட். டாக்டர் கையெழுத்துப் போட்ட காகிதத்தை ஜெனிஸ் மாதா படத்துக்குக் கீழே வைத்திருக்கிறாள். 20-ஆம் தேதி சிங்கப்பூரில் கப்பல் ஏற வேண்டும்.

மத்தியானம் விஜிலா வந்தாள். வாசலைத் தாண்டவில்லை. பிரசாதம் போன கப்பலில் ஒரே பொரித்த கறியும் காரமுமாம். தின்றால் வாந்தி, பாதி நாள் பட்டினி. கப்பலில் யாருக்கும் ஆபரேஷன் விஷயம் தெரியாது. "என்ன திங்கணும், எப்படித் திங்கணும்னு நீங்க எழுதிக் குடுங்கண்ணே. ஒங்களுக்குத்தான் கப்பல் குசினி தெரியும்" என்றாள்.

'எனக்கும் அப்படித்தான் இருந்துச்சி, விட்டுராத' என்று அவனிடம் சொல்லச் சொல்லலாமா என்று நாக்கு நுனி வரை வந்தது. வந்ததை எழுதிவைக்கிறேன், நான் ஒன்றும் புனிதன் இல்லை.

அலமாரியில் அந்தச் சீட்டு இருந்தது. அவள் கையெழுத்து. பின்பக்கம் காலியாக இருந்தது. அதில் எழுதினேன்: அவித்த மீன், முள் எடுத்து மசித்தது. முட்டை. குழைந்த சோறு மூன்று கரண்டி. தயிர். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, கொஞ்சம் கொஞ்சமாக. வாந்தி நிற்காவிட்டால் அடுத்த துறைமுகத்தில் டாக்டர்.

இதெல்லாம் இரண்டாவது வரியிலிருந்துதான். முதல் வரி: உன் கப்பல் குக்கிடம் உண்மையைச் சொல்.

வாசலில் நின்றே படித்தாள். மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டாள். "காப்பி குடிக்கியா?" என்று ஜெனிஸ் உள்ளேயிருந்து கேட்டாள். விஜிலா என்னைப் பார்த்தாள். நான் பேனாவை மூடிவைத்தேன். ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.