மஞ்சள் செம்பருத்திக்கு ஐந்து நிமிஷம்

7-ந் தேதி, திங்கள்

விடியலில் தூறல், ஏழு மணிக்கு நின்றுவிட்டது. கம்பெனித் தோட்டத்தில் களை பிடுங்கினேன். சூப்பர்வைசர் வந்து சொன்னார். அடுத்த திங்கள் பின்பக்க வேலியோரச் செடி முழுக்க எடுத்துவிடுவார்களாம். லாரி நிற்க இடம்.

என் மஞ்சள் செம்பருத்தி அங்கேதான். ஆறு வருஷம் முன்னால் ஒரு சாண் குச்சியாக நான் வைத்தது. இப்போது என் தலைக்கு மேல் இரண்டு முழம். குச்சி வெட்டி வீட்டுத் தொட்டியில் வைப்பேன். ஆனால் இந்த உயரம் வர இன்னும் ஆறு வருஷம். யார் காத்திருப்பது?

ஒரு போட்டோவாவது வேண்டும். கேட்டில் போன் கேமரா மேல் ஸ்டிக்கர் ஒட்டித்தான் யாரையும் உள்ளே விடுவார்கள். எச்.ஆர். மேடத்திடம் போய்க் கேட்டேன்.

"வெள்ளிக்கிழமை காலைல அஞ்சு நிமிஷம்மா. செக்யூரிட்டி கூட நிப்பாரு. பில்டிங், வண்டி எதுவும் படத்துல விழக்கூடாது. விழுந்தா அழிச்சிடுவாங்க."

8, செவ்வாய்

பழகிப் பார்க்க, ஹவுஸ் ஓனரம்மா வாசல் சிவப்புச் செம்பருத்தி. பதினொரு படம். எல்லாம் புகை மூடினாற்போல. குடும்ப குரூப்பில் ஒன்று போட்டேன். பேத்தி திவ்யா ஷிப்ட் முடிந்து வந்து சிரிக்கிறாள்.

"இன்னா ஆயா இது, பூவா? தக்காளி சட்னி மாதிரி கீது. கை ஆடுது உனுக்கு. குடு, நான் எடுத்துத் தரேன்."

தரமாட்டேன். கண்ணாடி போடாமல் ஊசியில் நூல் கோர்க்கிற கை இது.

பிறகு போனைத் திருப்பிப் பார்த்தால், கேமரா மேல் ஸ்டிக்கர் கோந்து. தினமும் ஒட்டி ஒட்டி ஒரு படலம். தேங்காயெண்ணெய் தொட்டு எடுத்தேன். ஈரத்துணி, அப்புறம் காய்ந்த துணி. பூ பளிச்சென்று வந்தது. திவ்யாவிடம் சொல்லவில்லை.

10, வியாழன்

மேகம். புழுக்கம். மறக்காமலிருக்க:

உச்சி வெயிலில் இதழ் வெளுத்துவிடும். ஏழு மணி வெயில்தான்.
போன் திரையில் பூவின் மேல் விரலால் தொட்டால் பூ தெளியும்.
நின்றபடி எடுத்தால் தரை, குப்பை, என் செருப்பு எல்லாம் வரும்.
ஜூம் வேண்டாம். கிட்டப் போ.
காற்று நிற்கும்வரை மூச்சு விடாதே.

மத்தியானம் செடியைப் பார்த்தேன். நாளை விரிகிற மொட்டு இரண்டு, நுனியில் மஞ்சள் தெரிகிறது. ஒன்று இலைக்குள். ஒன்று நல்ல உயரத்தில். செம்பருத்தி ஒரு நாள் பூ. நாளை விட்டால் இல்லை.

11, வெள்ளி

வெயில். ஏழேகால். செக்யூரிட்டி முருகேசன் ஸ்டிக்கரைப் பிய்த்தான். நான் துடைத்தேன்.

"கல்யாண போட்டோவா ஆயா எடுக்கப்போற?"

முதல் படம்: பூவுக்குப் பின்னால் ஷெட் கூரை. அழித்தான். அடுத்தது: லாரி நம்பர். அதுவும் போச்சு. மூன்றாவது: தண்ணீர் டேங்க். எந்தப் பக்கம் திரும்பினாலும் கம்பெனி.

"ரெண்டு நிமிஷம்தான் கீது."

வானத்தில் மட்டும் கம்பெனி இல்லை. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு செடிக்கடியில் ஈரமண்ணில் மல்லாந்து படுத்துவிட்டேன்.

"ஐயோ ஆயா! மயக்கமா? யாராவது பாத்தா எனக்குத்தான் திட்டு வுழும்!"

"தள்ளி நில்றா, உன் நிழல் வுழுது."

வெயில் இதழுக்குள் புகுந்து இந்தப்பக்கம் வந்தது. நரம்பு நரம்பாகத் தெரிந்தது. நடுவில் மட்டும் சிவப்பு. காற்று நின்றது. இரண்டு எடுத்தேன்.

ஒன்றில் என் விரல். இன்னொன்றை முருகேசன் பெரிதாக்கி மூலை மூலையாகப் பார்த்தான்.

"இதுல ஒண்ணும் இல்ல. எங்க எடுத்ததுன்னே யாருக்கும் தெரியாது. வெச்சிக்கோ."

முதுகெல்லாம் சேறு. அப்படியே வேலை பார்த்தேன்.

14, திங்கள்

எட்டரைக்குப் பொக்லைன். நான் முன்கேட்டில் இட்லிப்பூவுக்குத் தண்ணீர் விட்டேன். சத்தம் மட்டும் வந்தது. பத்து மணிக்குப் போய்ப் பார்த்தேன், வெறும் தரை.

டீ நேரத்தில் படத்தை குரூப்பில் போட்டேன். உடனே திவ்யா: "செம ஆயா! நெட்ல இருந்து எடுத்தியா?"

ஒற்றை விரலால் தட்டி அனுப்பினேன். நான் வைத்த செடி. நான் எடுத்த படம்.