பட்டாணி வாயைத் திறக்கவில்லை

வில்லாபுரம்,
மதுரை.

சௌபாக்கியவதி ஸ்ரீலக்ஷ்மிக்கு மாமனார் விஸ்வேஸ்வரன் மனமார ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே நாங்கள் மூவரும் சௌக்கியம். உன் அம்மாவுக்கு முட்டிவலி தேவலையா?

பத்ரி கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லையாம். என்னடா என்று கேட்டால், வருவாள் என்று முனகிவிட்டு பேங்குக்குக் கிளம்பிவிடுகிறான். தெருவில் கேட்பவர்களிடம், நீ அம்மாவைப் பார்க்கக் கும்பகோணம் போயிருப்பதாகத்தான் சொல்லி வருகிறேன். எனக்கு உட்கார்ந்தால் இருப்புக்கொள்ளவில்லை. அதனால்தான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் உன் ஆமை விஷயம். நீ போன நாளிலிருந்து பட்டாணி வாயைத் திறக்கவில்லை. நீ இருந்தவரை அது உன் அறைக்குள்ளேயே இருந்ததால், என்ன தின்னும், எப்போது தின்னும் என்று எனக்கும் உன் மாமியார் அகிலாண்டத்துக்கும் தெரியாது. தனியாகக் கிடக்கிறதே என்று அகிலாண்டம் தொட்டியோடு தூக்கிவந்து பூஜை அலமாரிக்கு எதிரே வைத்துவிட்டாள். கூர்மாவதாரம் இல்லையா! முதுகில் சந்தனம், குங்குமம். நைவேத்தியம் ஆனதும் பருப்புச் சாதத்தில் ஒரு உருண்டை. மணியை வேறு அடிப்பாள். சத்தம் கேட்டதும் அது தலையை இழுத்துக்கொள்ளும். இவள் இன்னும் பலமாக அடிப்பாள். எதிர்வீட்டு மாமிகளெல்லாம் வந்து கன்னத்தில் போட்டுக்கொண்டு போனார்கள்.

நான் மட்டும் என்ன ஒழுங்கு? நிமிஷத்துக்கொரு தரம் எழுந்துபோய்க் குனிந்து பார்ப்பேன். ஒருமுறை மூக்குக்கண்ணாடி தண்ணீருக்குள் விழுந்துவிட்டது. கடைசியில் பத்ரி தயங்கித் தயங்கி உன் அலமாரியிலிருந்து தீனி டப்பாவை எடுத்துக் கொடுத்தான். திறந்தால் கருவாட்டு நாற்றம்! இதை இந்த வீட்டில் எப்படி அம்மா ஒளித்துவைத்திருந்தாய்? அகிலாண்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு கொல்லைப்பக்கம் ஓடினாள். ஆனால் தூக்கிப்போடச் சொல்லவில்லை. தீனியைப் போட்டுவிட்டு மூன்று பேரும் சுற்றி நின்று சாப்பிடச் சொல்லிக் கெஞ்சினோம். ஓட்டுக்குள் போனது போனதுதான். அது செத்துக்கித்துப் போனால் உன் முகத்தில் எப்படி விழிப்பது என்று எனக்குத் தூக்கமே போய்விட்டது.

வெள்ளிக்கிழமை அழகர்கோவிலுக்குப் போனோம். பூனைக்குப் பயந்து தொட்டியை உன் அறையில் வைத்து, தீனியும் கொஞ்சம் கீரையும் போட்டு, கதவைச் சாத்திவிட்டுப் போனோம். சாயங்காலம் வந்து பார்த்தால் தீனியும் இல்லை, கீரையும் இல்லை. பத்ரி சின்னப்பிள்ளை மாதிரி குதித்தான்.

அகிலாண்டம் மட்டும் புடவைகூட மாற்றாமல் உன் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். கொஞ்ச நேரம் கழித்து, நாம் கோயிலுக்குப் போகிற நாளில்தான் ஸ்ரீலக்ஷ்மியும் வயிறாரச் சாப்பிடுவாள், திரும்பி வந்தால் பானையில் சாதம் குறைந்திருக்கும், பார்த்திருக்கிறேன் என்றாள். எதிரே கரண்டியோடு நின்று, அதற்குள் ஏன் போதும் என்கிறாய் என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறுவது இந்த வீட்டு வழக்கம். என் அம்மாவும் அகிலாண்டத்துக்கு அப்படித்தான் செய்தாள். அதற்குப் பெயர் பாசம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

மாடி போர்ஷனில் குடியிருந்தவர்கள் காலி செய்துவிட்டார்கள். இனி வேறு யாருக்கும் விடுவதாக இல்லை. நீயும் பத்ரியும் இருந்துகொள்ளுங்கள். மாடி அடுக்களைக் கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இல்லை என்று அகிலாண்டமே ஆசாரியைக் கூப்பிட்டுப் போடச் சொன்னாள். போட்டாயிற்று.

எங்கே இருந்தாலும் வயிறாரச் சாப்பிட்டு நன்றாக இரு அம்மா. இங்கே இருந்தால் எங்களுக்கு ரொம்ப சந்தோஷம்.

இப்படிக்கு,
விஸ்வேஸ்வரன்