அப்பா ஊதிய மூச்சு

என் வாயாடி மகளுக்கு அம்மா எழுதுவது. நீ அங்கே சுகமாக இருக்க வேண்டும். இங்கே எல்லாரும் நலம் என்று எழுதித்தான் எனக்குப் பழக்கம், இந்தத் தடவை நானும் தம்பியும் நலம் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன். அப்பாவுக்கு உடம்பு சரியில்லை. உன்னிடம் சொல்லக் கூடாதென்று என்னிடம் சத்தியம் வாங்கப் பார்த்தார், நான் கொடுக்கவில்லை.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் தங்கத்தில் நானோ கம்பி செய்கிறோம் என்று சொல்லியிருக்கிறேனே. கண்ணுக்குத் தெரியாத துளைகள் உள்ள தகட்டைத் தங்கக் கரைசலில் வைத்து மின்சாரம் பாய்ச்சினால் துளைக்குள் தங்கம் வளரும், பிறகு தகட்டைக் கரைத்துவிட்டால் தலைமுடியைப் பல நூறாகக் கிழித்தாற்போலக் கம்பிகள் மிஞ்சும். அவற்றுக்கு ஒரு பூச்சுக் கொடுத்து உணரியில் வைத்தால் மூச்சில் அமோனியா இருப்பதைக் காட்டும், சிறுநீரகம் கெட்டவர்களுக்கு அது கூடுதலாக இருக்கும். ஒப்பிட்டுப் பார்க்க நோயில்லாத மூச்சு வேண்டியிருந்தது, என்னைக் கூட்டிப்போக வந்த அப்பாவை ஊதச் சொன்னேன். நான் ஊதியபோது திரையில் சும்மா கிடந்த கோடு அவர் ஊதியதும் எகிறியது. கம்பிதான் சரியில்லை என்று முடிவு கட்டிவிட்டேன். நாலைந்து நாள் எடுத்து முதலிலிருந்து மறுபடி செய்து அவரை ஊதச் சொன்னேன், மறுபடியும் எகிறியது, இன்னொரு தடவை தகட்டை எடுத்து வைத்தேன். கூட வேலை செய்கிறவள் என் கையைப் பிடித்து, அக்கா கம்பியை விடுங்க, முதல்ல அவரை டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போங்க என்றாள். அவள் மேல் எனக்கு அப்படியொரு கோபம் வந்தது.

அவள் சொன்னதுதான் சரி. இரண்டு சிறுநீரகமும் பாதிக்கு மேல் பழுதாம். முடியைவிட மெல்லிசா ஒண்ணை வெச்சு என் வண்டவாளத்தைத் தண்டவாளத்துல ஏத்திட்டாளே உங்கம்மா என்று தம்பியிடம் சிரிக்கிறார், அறைக்குள் போனால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது கண்ணு. மருந்தும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் இருந்தால் இன்னும் கெடாமல் தள்ளிப்போடலாம் என்கிறார் டாக்டர். அவர் சொன்ன இன்னொன்றுக்காகத்தான் இந்தக் கடிதம். இது பரம்பரையாக வருகிற வகையாம், பிள்ளைகளும் ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டுமாம். தம்பிக்குப் பார்த்தாயிற்று, ஒன்றுமில்லை. உனக்குத்தான் அப்பாவின் மூக்கு, அப்பாவின் பிடிவாதம், எல்லாம் அப்படியே.

பதறி ஓடி வராதே, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன். வேளைக்குச் சாப்பிடு. ஒரு குறையுமில்லாமல் நெடுநாள் நன்றாக இரு, என் ஆயுளும் உனக்குச் சேரட்டும். இந்த வாரமே போய் ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிட்டுச் சொல், மறந்துவிடாதே. நல்லபடியாகத்தான் வரும். வராவிட்டால் மிஷின் கோளாறு என்று மட்டும் நினைக்காதே. நான் அப்படி நினைத்துத்தான் அப்பாவின் நாட்களை வீணாக்கினேன்.

உன்னையே நினைத்திருக்கும்
அம்மா