முறைப்பாட்டை வாபஸ் வாங்கமாட்டன்

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.
8.11.1992

அன்பு மகன் பாலேந்திராவுக்கு,

அம்மா எழுதுறது. கனடாவிலை குளிர் தொடங்கியிருக்கும், நீ சித்தப்பா வீட்டிலை நேரத்துக்குச் சாப்பிட்டுச் சுகமாய் இருக்க ஆர்ச்வே கோயில் முருகன் துணை நிக்கவேணும். இஞ்சை நாங்களும் சுகம் எண்டு எழுதத்தான் கை போகுது, ஆனா இந்தமுறை பாதிச் சுகந்தான். போன ஞாயிறு நீ போன் எடுத்து, பள்ளிக்கூடத்துக்குக் குடுத்த முறைப்பாட்டை வாபஸ் வாங்குங்கோ அம்மா, விசா இன்னும் வரேல்லை, எங்களுக்கேன் வீண் சோலி எண்டு சொன்னாய். நான் கோவத்திலை போனை வைச்சுப்போட்டன், அது பிழைதான். ஆனா வாபஸ் வாங்கமாட்டன். போனிலை எண்டால் நீ இடையிலை விழுந்து கதைப்பாய், கடிதத்திலை அது ஏலாது, ஆறுதலாய் இருந்து முழுக்க வாசி.

உன்ரை தங்கச்சி வதனாவுக்குப் புரட்டாதி தொடக்கம் காலமையிலை வயித்துக்குத்து. சனி ஞாயிறு ஒண்டுமில்லை, திங்கள் விடிஞ்சால் பிடிச்சிடும். அதைப் பாத்தே எனக்கு விளங்கியிருக்கவேணும். உன்ரை அம்மாவின்ரை மூளை நாவூறுக்கெல்லோ போச்சுது. பன்னிரண்டு வயசிலை நீட்டுத் தலைமயிரும் வடிவுமாய் இருக்கிறாள், கோயிலிலை ஆரோ கண் வைச்சிட்டினம் எண்டு செத்தல் மிளகாயும் உப்பும் சுத்திக் காஸ் அடுப்பிலை போட்டன். மேல்வீட்டு வெள்ளைக்காரி இருமி இருமி இறங்கி வந்து கதவிலை தட்டினா. ஓமத்தண்ணி, திருநீறு, அர்ச்சனை எல்லாம் பாத்தாச்சு, டொக்டரும் ஒண்டுமில்லை எண்டிட்டார். பிறகு வகுப்பு டீச்சரிட்டைப் போனன், போய் இங்கிலிசைத் தமிழாக்க வதனாவைத்தானே விட்டன். டீச்சர் என்னவோ நீளமாய்ச் சொன்னா, இவள் எல்லாம் நல்லமாம் அம்மா எண்டாள். நானும் தாங்க்யூ தாங்க்யூ எண்டு பல்லைக் காட்டிப்போட்டு வந்தன். அடி வாங்கின பிள்ளையையே தன்ரை வழக்குக்கு லோயராயும் நிப்பாட்டினால் அது பாவம் என்ன செய்யும்.

ஐப்பசி நடுவிலை தலை இழுத்துவிடேக்கை பாத்தால் ஒரு பின்னல் நாலு விரற்கடை கட்டை. கேட்டால் சுவிங்கம் ஒட்டினது, தானே வெட்டினது எண்டாள். நல்லாய் ஏசினன். அடுத்தநாள் சாப்பாட்டுப் பெட்டி எடுக்க அவளின்ரை பையைத் திறந்தால் அடியிலை கடதாசியிலை சுத்தினபடி அந்த மயிர், ரிபன்கூட அவிழ்க்கேல்லை. எறிய மனமுமில்லை, காட்டத் துணிவுமில்லை, பிள்ளை ஒரு கிழமையாய்க் காவிக்கொண்டு திரிஞ்சிருக்கிறாள். பிறகுதான் எல்லாம் சொன்னாள். பின்வரிசை வாங்கிலை இருக்கிறதுகள் மூக்கைப் பொத்துமாம், எங்கடை நிறத்து ஆக்களை இஞ்சை ஏசுற 'பாக்கி' எண்ட சொல்லாலை கூப்பிடுமாம், வகுப்புக்குள்ளையே கத்தரிக்கோலாலை நறுக்கினதாம், எல்லாரும் சிரிச்சதாம். நான் அவளைக் கட்டிப்பிடிச்சுக்கொண்டு குசினி நிலத்திலை இருந்து அழுதன். அழுது முடியக் கோவம் வந்தது, அந்தக் கோவம் இன்னும் போகேல்லை.

அடுத்த கிழமை பள்ளிக்கூட அதிபரிட்டைப் போனன். இந்தமுறை பக்கத்து றோட்டு இம்மாகுலேற் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனன், நேர்சிங் ஹோமிலை வேலை செய்யிறவ, இங்கிலிஸ் தண்ணி பட்ட பாடு. வதனாவைப் பக்கத்துக் கதிரையிலை இருத்தி, நீ வாய் திறக்கத் தேவையில்லை, அம்மா கதைப்பன் எண்டு சொன்னன். அதிபர் சிரிச்ச முகந்தான். சின்னப்பிள்ளையளின்ரை விளையாட்டு எண்டார், வீட்டிலை இங்கிலிஸ் பேசினால் பிள்ளை கெதியாய்ச் சேருவாள் எண்டார், பிறகு தலைக்கு எண்ணெய் கொஞ்சம் குறைக்கலாமே எண்டும் சொன்னார். அக்கா அதைத் தமிழிலை சொல்லக் கூச்சப்பட்டா, நான் விடேல்லை, சொல்லுங்கோ எண்டன். கேட்டுப்போட்டு அந்த மயிரை எடுத்து ரிபனோடை மேசையிலை வைச்சன்.

"எண்ணெய் பூசினது நான். வெட்டினது ஆர்?"

அக்கா ஒரு சொல் குறைக்காமல் இங்கிலிசிலை சொன்னா. மனிசன் சிரிக்கிறதை நிப்பாட்டினார். அண்டைக்கே முறைப்பாட்டை எழுத்திலை குடுத்தன். மார்கழி எட்டாம் திகதி பள்ளிக்கூட நிர்வாகசபை கூடி விசாரிக்குது.

நீ விசாவுக்குப் பயப்பிடுறாய், அப்பாவும் அப்பிடித்தான் பயந்தார். லோயரிட்டைக் கேட்டாச்சு, அது வேறை இது வேறை எண்டு சொல்லிப்போட்டார். இப்ப அப்பா பெற்றோல் செட்டிலை ஷிப்ட் மாத்திக்கொண்டு தானும் கூட்டத்துக்கு வாறாராம், கோட்டையும் எடுத்து வெயிலில்லாத வெயிலிலை காயப்போட்டிருக்கிறார். குட்டக் குட்டக் குனியிறவனும் மூடன் எண்டு சும்மா சொல்லேல்லை. இனி எண்ணெய் வைக்கவோ விடவோ எண்டு வதனாவையே கேட்டன். கொஞ்சமாய் வையுங்கோ, ஆனா இரட்டைப் பின்னல்தான் வேணும் எண்டாள். வயித்துக்குத்து முழுக்க மாறேல்லை, போன கிழமை ரெண்டு நாள்தான் வந்தது.

மகன், இப்ப சொல்லப்போறதுக்குத்தான் இவ்வளவும் எழுதினனான். ஏன் பிள்ளை என்னட்டை முதலே சொல்லேல்லை எண்டு கேட்டதுக்கு, அண்ணாதான் சொன்னவர், பள்ளிக்கூடத்திலை நடக்கிறதை அம்மாக்குச் சொல்லாதை, அவ தாங்கமாட்டா எண்டு சொன்னாள். நீயும் அதே பள்ளிக்கூடத்திலை ரெண்டு வருசம் இருந்தனீ. ஒருநாள் சொண்டு கிழிஞ்சு சட்டையெல்லாம் ரத்தமாய் வந்து, பந்தடிக்கேக்கை விழுந்தனான் எண்டு சொன்னாய். நான் மஞ்சள் பூசிப்போட்டு, படிக்க வந்த இடத்திலை என்ன பந்தடி எண்டு உன்னை ஏசினன். உனக்குப் பந்தடியிலை விருப்பமே இல்லை எண்டது பெத்த எனக்குத் தெரியாதே? தெரியும், கேக்கப் பயம். பேசாமல் இருக்கிறதை நீ என்னட்டைப் பழகினாய், அவள் உன்னட்டைப் பழகினாள். என்னை மன்னிச்சுக்கொள்ளடா ராசா.

முறைப்பாட்டிலை உன்ரை பேரையும் எழுதிப்போட்டன். உன்னைக் கேக்காமல் செய்தது பிழை, வேண்டாமெண்டு நீ சொன்னால் உன்ரை பேரை மட்டும் எடுக்கிறன், வதனாவின்ரையை எடுக்கமாட்டன். ஆனா நீ எழுதினால் அந்தக் கூட்டத்திலை அவள் தனிய இல்லை.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, சித்தப்பா சித்தியை விசாரிச்சதாய்ச் சொல். முருகன் உன்னை ஒரு குறையும் இல்லாமல் வைச்சிருக்கட்டும். மார்கழி எட்டுக்கு முன்னம் வந்து சேருறமாதிரி, சொண்டு கிழிஞ்ச அண்டைக்கு நடந்ததை உன்ரை கையாலை எழுதிப் போஸ்ட் பண்ணு. விழுந்தனான் எண்டு மட்டும் எழுதாதை.

உன்னில் உயிரான அம்மா,
யோ. கனகாம்பிகை