மார்பில் மூன்று ரிப்பன்

அன்புள்ள வாசுகிக்கு,

மலேசியாவின் பாசிர் கூடாங் குளிர்கிடங்கின் சக்கரவர்த்தி, அதாவது உன் கணவன், எழுதுவது. நீயும் பிள்ளைகளும் சௌக்கியமா? அத்தையின் முட்டிவலி தேவலையா?

இங்கே மீன் பெட்டி தூக்கித் தூக்கி உடம்பு அலுத்துவிட்டது. குளிரோ இமயமலையே போர்வை கேட்கும் குளிர். அதனால் பழைய துணி விற்கும் பண்டல் கடையில் ஒரு ராணுவச் சட்டை வாங்கினேன். மார்பில் மூன்று வீரப் பதக்க ரிப்பன்கள். போட்டதும் நாலு தேசங்கள் என்னிடம் சரணடைந்தன.

முந்தாநாள் கம்பெனி பஸ்ஸில், புதிதாக வந்த காவலாளி செல்லப்பன் அண்ணன் ஒரு காலைத் தாங்கித் தாங்கி எழுந்து, சல்யூட் அடித்து, தன் இடத்தை எனக்குக் கொடுத்தார். நானும் உட்கார்ந்துவிட்டேன்.

“எந்த ரெஜிமெண்ட், சார்?”

“பண்டல் கடை ரெஜிமெண்ட், அண்ணே.”

அவர் சிரிக்கவில்லை. “குளிருக்குப் போட்டுக்க லா. ரிப்பன மட்டும் பிரிச்சிடு. அதுல ஒண்ணு எனக்கும் இருக்கு. கால குடுத்து வாங்கினது.”

பிரித்து அவரிடமே கொடுத்துவிட்டேன். ஆனாலும் சட்டையைப் போட மனம் வரவில்லை. அப்பா பட்டாளத்தில் சேர்ந்துவிட்டதாகப் போன கடிதத்தில் பிள்ளைகளிடம் அளந்தேனே, அது பொய் என்று நீயே சொல்லிவிடு.

என் பழுப்பு ஸ்வெட்டரை அனுப்பு. துவைக்காதே, வீட்டு வாசனை போய்விடும்.

பஸ் வந்துவிட்டது. இரண்டு நாளாக, இடம் இருந்தாலும் நின்றுகொண்டேதான் போகிறேன்.

மகேஸ்வரன்