பிள்ளையாருக்கு வைத்த பந்து

செவ்வாய், இரவு.

என் நாய் லட்டு இன்னும் வாந்தி எடுக்கவில்லை. எடுத்தால் உடனே கொண்டுவரச் சொன்னார் மிருக வைத்தியர். வயிற்றில் நூல் சிக்கியிருந்தால் வெட்டித்தான் எடுக்க வேண்டுமாம்.

எல்லாம் ஒரு பேஸ்போல் பந்தால் வந்தது. கிழக்கு லண்டனில் எங்கள் இல்ஃபோர்டிலேயே பேஸ்போல் பார்க்கும் ஒரே தமிழன் நான். நான் ஆதரிக்கும் கனடா அணியோ தோற்பதற்கென்றே பிறந்தது. என்மேல் இரங்கி, தெற்கு லண்டன் மோர்டனில் இருக்கும் நண்பன் சிவம் கனடா போன இடத்தில் அவர்களின் மைதானத்திலேயே ஒரு பந்து வாங்கி வந்து தந்தான். ஐம்பத்திரண்டு வயதில் கண் கலங்கினேன். இன்று மத்தியானம் நான் தேநீர் போட்டு வருவதற்குள் என் நாய் அதன் தோலை உரித்து, உள்ளே இருந்த நூலில் பாதியை விழுங்கிவிட்டது. செருப்பைக்கூட முகர்ந்து பார்க்காத நாய்!

சிவத்துக்குப் போன் செய்து ஒப்புக்கொண்டேன்.

"ஐயோ, அது என்ரை பிழையடா," என்றான். "உன்ரை ஆக்கள் ஒருக்காவாவது வெல்லட்டும் எண்டு பந்தைப் பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோய் அர்ச்சனை செய்தனான். ஐயர் பஞ்சாமிர்தத் தட்டிலை வைச்சுத் தந்தவர். துடைச்சனான்தான், வடிவாத் துடைக்கேல்லைப் போல."

"பந்துக்கு அர்ச்சனையோ?"

"காருக்குச் செய்யிறமெல்லோ? பொறு, வாறன்."

லண்டனின் அந்தக் கரையிலிருந்து வந்தேவிட்டான். லட்டுவின் வயிற்றில் கை வைத்தபடி தரையில் படுத்திருக்கிறான்.

"எழுதினது காணும், இஞ்ச வா. உள்ளுக்குள்ள என்னவோ உருளுது," என்கிறான்.

நல்லதற்கா கெட்டதற்கா தெரியவில்லை. போகிறேன்.