நீங்கள் வாசித்த வீட்டுச் சண்டை

அண்ணே,

இன்று காலை, புதிதாகச் சேர்ந்த கல்லூரிப் பெண் ஒருத்தி தன் சாக்சபோனில் வாய் வைத்து ஊதும் மவுத்பீஸை வெந்நீரில் கொதிக்கவிட்டு எடுத்து வந்திருந்தாள். கறுப்பாக இருக்க வேண்டியது பாசி நிறத்துக்கு மாறியிருந்தது. கூடவே அழுகிய முட்டை நாற்றம். அவள் பயந்துபோய் நிற்க, எனக்கோ சிரிப்புத் தாங்கவில்லை. உங்கள் ஞாபகம்தான்.

அது எழுபதுகளின் கடைசி. கொடைக்கானல் கிளப் ஒன்றில் நடனத்துக்கு ஜாஸ் வாசித்துக்கொண்டிருந்த நான், அந்த வேலை போனதும் விளாங்குடியில் வீடு பிடித்து, சாக்சபோன் கற்றுத்தரப்படும் என்று பலகை மாட்டினேன். ஏற்கெனவே நன்றாக வாசிக்கிற கல்யாண பேண்டுக்காரர், ஊதவே தெரியாமல் சினிமாக் கனவோடு ஒரு வங்கி குமாஸ்தா என்று யார் யாரோ வந்தார்கள். நீங்கள் ஏன் வந்தீர்கள் என்பதுதான் எனக்குப் புரியவில்லை. நாற்பதைத் தாண்டிய பட்டுச்சேலைக் கடைக்காரர், நெற்றி நிறைய நாமம். "எதுக்குண்ணே இது?" என்று கேட்டேன். "ரேடியோவுல கேட்டேன் மாஸ்டர். அது என்னமோ பேசுது. என்ன பேசுதுன்னு தெரிஞ்சுக்கணும்" என்றீர்கள்.

உங்கள் வீட்டில் பிறர் எச்சில் பட்ட டம்ளரைக்கூடத் தொடமாட்டார்கள். பத்துப்பேர் வாய் வைத்து ஊதிய என் பழைய மவுத்பீஸை இரவல் கொடுத்தேன். சுத்தமாகட்டும் என்று கொதிக்கிற தண்ணீரில் போட்டுவிட்டீர்கள். ரப்பரும் கந்தகமும் சேர்த்துச் செய்த சாமான் அது, சூடு பட்டால் நாறத்தானே செய்யும்? முட்டையே நுழையாத அடுப்படியில் முட்டை நாற்றம்! அண்ணி அடுப்படியைக் கழுவிவிட்டுவிட்டு, அந்தக் குழல் இனி வாசப்படி ஏறக்கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள். "என்னைக்காவது அவ முன்னாடி உக்காந்து வாசிக்கணும் மாஸ்டர். அம்புட்டுத்தான் ஆசை" என்றீர்கள், முகம் வாடி.

அதற்கப்புறம் ஞாயிறுதோறும் என் வீட்டில்தான் ஊதினீர்கள். எழுதிக் கொடுத்ததைப் பிசகாமல் வாசிப்பீர்கள். தாளை எடுத்து வைத்துவிட்டு, நீங்களாக ஏதாவது வாசியுங்கள் என்றால் போச்சு. வெந்நீரில் போட்ட கீரை மாதிரி எல்லாம் துவண்டுவிடும். ஜாஸுக்கு இதுதானே உயிர்? ஒரு நாள் பொறுமை போய், "பேசுற மாதிரி ஊதுங்கண்ணே" என்றேன்.

குழலை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிதானமாகக் கேட்டீர்கள்: "எந்தப் பேச்சு மாதிரி? கடையில பேசுறதா, வீட்டுல பேசுறதா?"

கடையில் உங்களுக்குத் தமிழ், வீட்டில் தாய்மொழியான சௌராஷ்டிரம். ஒரே ஆளுக்குள் இரண்டு பேச்சு இருந்தால் எதை ஊதுவது? கொடைக்கானலில் எனக்குச் சொல்லிக்கொடுத்த யாரும் இதைப் பற்றி மூச்சு விட்டதில்லை. "ரெண்டையும் ஊதுங்க, கேப்போம்" என்றேன்.

முதலில் கடை. வாடிக்கையாளருக்குச் சேலை விரிப்பது போலப் பணிவாக, ஏற்ற இறக்கமில்லாமல் போனது. பிறகு வீடு. கழுத்து நரம்பு புடைத்தது. பாதியில் வெட்டினீர்கள், மேலே தாவினீர்கள், ஒரே சுரத்தை மூன்று தரம் அடித்துக் கேட்டீர்கள். "இது என்னண்ணே?" என்றேன். "காலையில எங்க வீட்டுல நடந்த சண்டை." அடுத்த வகுப்புக்கு வந்த வங்கி குமாஸ்தா வாசலில் காத்துக் கிடந்தார். நானோ, இன்னொரு சண்டை ஊதுங்க என்று உங்களை விடவில்லை.

மறுவாரம் அண்ணியைக் கூட்டி வந்தீர்கள். நாற்காலி நுனியில், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டே உட்கார்ந்தார்கள். சண்டையைத்தான் வாசித்தீர்கள். கொஞ்ச நேரத்தில் முந்தானை இறங்கியது. நீங்கள் மூச்சு வாங்க நிறுத்திய இடத்தில், அண்ணி உங்கள் பாஷையில் வெடுக்கென்று ஏதோ சொன்னார்கள். நீங்கள் அதற்குக் குழலில் பதில் சொன்னீர்கள். அவர்கள் மறுபடியும். ஒரு வார்த்தையும் புரியாமல் நடுவில் நான், வாயைப் பிளந்துகொண்டு.

கிளம்பும்போது அண்ணி என்னிடம் சொன்னார்கள்: "மனுசனுக்கு வாயில வராததெல்லாம் இதுல வருது மாஸ்டர். வீட்டுக்கே கொண்டு வரட்டும். அடுப்படிப் பக்கம் மட்டும் வேணாம்." பேருந்து நிறுத்தம் வரை நீங்கள் தரையில் நடந்ததாகவே எனக்குத் தெரியவில்லை.

சில வருசம் கழித்து உங்கள் சாவுக்கு வந்தேன். அண்ணிதான் என்னிடம் பேசினார்கள். "அவரு ஊதிட்டு நிறுத்துவாருல்ல மாஸ்டர், அப்பத்தான் நான் பேசுவேன். இனிமே எங்க பேச?"

அண்ணே, எனக்கு இன்னும் உங்கள் பாஷை தெரியாது. ஆனால் யார் கற்றுக்கொள்ள வந்தாலும், பாதியில் ஓரிடத்தில் நிறுத்தச் சொல்கிறேன். எதற்கு என்று கேட்கிறார்கள். எதிரில் இருப்பவர் ஏதாவது சொல்ல நினைத்திருக்கலாம் என்கிறேன்.